பந்தை உள்ளே தள்ளிவிடும் பையனைப் பாருங்கள்: ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியில் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் சின்ன வேலைகள்

2023 டிசம்பர், கோலாலம்பூர். ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இந்தியாவுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்கள் (கோலருகே எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் கோல் வாய்ப்புகள்) 12. அவற்றில் ஒன்றுகூட கோல் ஆகவில்லை. ஆட்டம் 4-1 என்று ஜெர்மனிக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து, 2025 டிசம்பர் 10 அன்று சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் வெண்கலப் பதக்க ஆட்டம். அர்ஜென்டினாவிடம் 2-0 என்று பின்தங்கியிருந்த இந்தியா, கடைசி 11 நிமிடத்தில் நான்கு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தது. 49-வது நிமிடத்தில் அங்கித் பால், 52-ல் மன்மீத் சிங், 57-ல் சாரதா நந்த் திவாரி, 58-ல் அன்மோல் எக்கா. முதல் இரண்டும் கார்னரில் எக்கா விட்ட டிராக் ஃப்ளிக்கை (பந்தை மட்டையோடு இழுத்து வந்து விசிறி விடும் ஷாட்) வழியிலேயே மட்டையால் தொட்டுத் திருப்பியவை. மூன்றாவது பெனால்டி ஸ்ட்ரோக், அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் தண்டனை ஷாட். நான்காவது மறுபடியும் கார்னர்.

மறுநாள் எல்லோரும் அந்தப் பதினொரு நிமிடத்தின் மன உறுதியைப் பற்றித்தான் பேசினார்கள். மன உறுதி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 12 கார்னரில் ஒன்றும் விழாத அணிக்கும் பத்து நிமிடத்தில் ஆட்டத்தையே புரட்டிப்போட்ட அணிக்கும் நடுவே இருப்பது மன உறுதி மட்டும் அல்ல. பந்தை உள்ளே தள்ளும் ஒரு பையன், அதை நிறுத்தும் இன்னொரு பையன், கோல் கம்பத்தருகே மட்டையைத் தரையில் வைத்துக் காத்திருக்கும் மூன்றாவது பையன், இவர்களின் வேலை சரியாக அமைந்ததும் காரணம். 21 வயதுக்குட்பட்டோர் ஹாக்கியில் இந்தச் சின்ன வேலைகள்தாம் பதக்கத்தை முடிவுசெய்கின்றன. கேமரா பெரும்பாலும் இவர்கள் பக்கம் திரும்புவதில்லை என்பதால், அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் போட்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஜூனியர் உலகக் கோப்பை 1979-ல் பிரான்சின் வெர்சாயில் தொடங்கியது. முதல் கோப்பை பாகிஸ்தானுக்கு. அதன் பிறகு ஜெர்மனியின் கை ஓங்கியது. 1982, 1985, 1989, 1993 என்று வரிசையாக நான்கு. பிறகு 2009, 2013, 2023, 2025. மொத்தம் எட்டு. இந்தியாவுக்கு இரண்டு: 2001-ல் ஹோபார்ட்டில் அர்ஜென்டினாவை 6-1 என்றும், 2016-ல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்றும் வென்றது. அர்ஜென்டினாவுக்கும் இரண்டு (2005, 2021). 1997-ல் மில்டன் கீன்ஸில் ஆஸ்திரேலியா, இறுதியில் நம்மைத்தான் 3-2 என்று தோற்கடித்தது.

வெகுகாலம் இது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த போட்டி. அப்போது பிறந்த வருடமே ஒரு அதிர்ஷ்டம். போட்டி வரும்போது 18 வயதாக இருப்பவன் அடுத்த போட்டிக்குள் வயது தாண்டிவிடுவான். அவனைவிட மூத்து உடம்பு முற்றியவன் அவன் இடத்தில் ஆடுவான். இப்போது 2021, 2023, 2025 என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் நல்ல ஆட்டக்காரன் இரண்டு முறைகூட ஆடலாம். 2025 போட்டிக்கு 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்பது விதி.

சென்னையிலும் மதுரையிலும் நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடந்த 2025 போட்டிக்கு இன்னொரு புதுமை உண்டு. முதன்முறையாக 24 அணிகள். வங்கதேசம் முதல்முறையாக வந்தது. பாகிஸ்தான் விலகியதால் ஓமன் உள்ளே வந்தது. அணிகள் கூடியதும் கணக்கும் மாறியது. நான்கு அணிகள் கொண்ட ஆறு பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடித்த ஆறு அணிகளும், இரண்டாமிடம் வந்தவற்றில் சிறந்த இரண்டும் மட்டுமே காலிறுதிக்கு. இரண்டாமிடம் வந்த மற்ற நான்கு அணிகளும் கோப்பைப் பந்தயத்திலிருந்து வெளியே.

இதன் விளைவு பலருக்குப் புரியவில்லை. ஓமனை இந்தியா 17-0 என்று அடித்தபோது "இவ்வளவு தேவையா?" என்று கேட்டவர்கள் உண்டு. தேவைதான். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளி சமமானால் வெற்றிகளின் எண்ணிக்கை, அதுவும் சமமானால் கோல் வித்தியாசம், பிறகு போட்ட கோல்கள். வெவ்வேறு பிரிவுகளில் இரண்டாமிடம் வந்த அணிகள் ஒன்றோடொன்று ஆடியதே இல்லை. அவற்றைத் தரம் பிரிக்கக் கோல் கணக்கைத்தான் பார்த்தாக வேண்டும். ஆக, பலவீனமான அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் சோம்பியிருந்து விட்டுவிடும் மூன்று கோல், சில நாள் கழித்து வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். இந்தியா சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்று, 29 கோல் போட்டு ஒன்றும் வாங்காமல் முதலிடம் பிடித்ததால் இந்தத் தலைவலி வரவில்லை. இரண்டாமிடத்திலிருந்து ஏறியவை பெல்ஜியமும் நியூசிலாந்தும். ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் காலிறுதியைப் பார்க்கவே இல்லை.

ஆனால் 29-0 என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மூன்று ஆட்டத்தில் கோல்கீப்பருக்குப் பெரிதாக வேலையே இல்லை. கார்னர் தற்காப்பு நிஜமான எதிரியிடம் சோதிக்கப்படவில்லை. காலிறுதியில் பெல்ஜியம் 13-வது நிமிடத்திலேயே கோல் போட்டதும் அரங்கம் அமைதியானது அதனால்தான். அப்புறம் கேப்டன் ரோஹித் 45-லும், திவாரி 48-லும் கார்னரில் கோல் போட்டார்கள். 59-ல் பெல்ஜியம் சமன் செய்தது. 2-2. கோல்கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றை ஆடும் ஷூட் அவுட்டில் இந்தியா 4-3. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று விழுந்தது தனிக் கதை. அதையும் மறைக்க வேண்டியதில்லை. கார்னர் போன்ற நின்ற பந்தில் கெட்டியாகிவிட்ட அணி, ஓடும் பந்தில் ஜெர்மனியின் வேகத்துக்கு இன்னும் ஈடாகவில்லை.

இனி கார்னர்.

மைதானம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். கோலிலிருந்து 14.63 மீட்டரில் வளையும் கோடுதான் 'டி'. கார்னர் கிடைத்ததும் தற்காக்கும் அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். தாக்கும் அணியின் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் இருந்து பந்தைத் தள்ளிவிடுவார். இவர்தான் புஷ்ஷர். பந்து 'டி'யைத் தாண்டி வெளியே போன பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம்.

இதில் ஒரு பந்தயம் ஒளிந்திருக்கிறது. புஷ்ஷர் நிற்கும் இடத்திலிருந்து 'டி'யின் உச்சிவரை கணக்குப் போட்டால் ஏறக்குறைய 19 மீட்டர். கோலுக்குள்ளிருந்து ஓடி வரும் முதல் தற்காப்பாளர், அதாவது ரஷ்ஷர், அதே உச்சிக்கு ஓட வேண்டியது 14.6 மீட்டர்தான். புஷ் கால் விநாடி மெதுவாக வந்தால் ரஷ்ஷர் ஒன்றரை மீட்டர் கூடுதலாக நெருங்கிவிடுவார். ஃப்ளிக்கர் பார்க்கும் கோலில் பாதி அந்த ஒன்றரை மீட்டரில் மறைந்துபோகும். ஃப்ளிக் 'பிளாக்' ஆகிவிட்டது என்று வர்ணனையாளர் சொல்லும்போது, பத்தில் பல முறை குற்றம் ஃப்ளிக்கருடையது அல்ல, புஷ்ஷருடையது.

நல்ல புஷ்ஷர் எப்படி நிற்கிறார் என்று கவனியுங்கள். ஒரு பாதமாவது மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. பந்து பின்காலுக்கு அருகில், மட்டையின் வளைவு பந்தோடு ஒட்டி இருக்கும். முழங்கால் நன்றாக மடிந்து, உடம்பு தரையோடு தாழ்ந்து போகும். பந்தை அடிக்கக் கூடாது, இழுத்துத் தள்ள வேண்டும். பின்காலிலிருந்து முன்காலுக்கு எடை மாறும் தூரம் முழுக்கப் பந்து மட்டையோடு ஒட்டி வந்து, முன்காலைத் தாண்டியதும் விடுபட வேண்டும். மட்டையின் தலை பந்தை விட்ட பிறகும் இலக்கை நோக்கித் தரையோடு நீள வேண்டும். பாதியில் மேலே தூக்கினால் பந்து துள்ளும். துள்ளும் பந்தை உலகின் எந்த ஸ்டாப்பராலும் ஓரிடத்தில் நிறுத்த முடியாது. போக்குக் காட்டித் தள்ளாமல் விட்டால் புஷ்ஷர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும், வேறொருவர் தள்ள வேண்டும். பதற்றத்தில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. காரணம் பெரும்பாலும் கை வியர்வை, பிடி வழுக்குதல். மட்டையின் பிடித்துணியை ஆட்டத்துக்கு முன் மாற்றிச் சுற்றிக்கொள்வது சின்னக் காரியம். ஆனால் சென்னையின் புழுக்கத்தில் பெரிய காரியம்.

அடுத்து ஸ்டாப்பர். அவர் வேலை பந்தை நிறுத்துவது மட்டும் இல்லை. ஃப்ளிக்கருக்குத் தேவையான சரியான புள்ளியில், அசையாமல் நிறுத்துவது. மட்டையை ஏறக்குறைய முழுக்கத் தரையோடு படுக்க வைத்து, கைப்பிடியைப் பந்து வரும் பக்கம் லேசாக முன்னே சாய்த்துப் பிடிப்பார்கள். சாய்வு இல்லாவிட்டால் பந்து மட்டைமேல் ஏறிக் குதிக்கும். கையை இறுக்கிப் பிடித்தால் பந்து ஒரு சாண் முன்னே தெறிக்கும். வரும் வேகத்தை மணிக்கட்டு கொஞ்சம் பின்வாங்கி விழுங்கிக்கொள்ள வேண்டும். நிறுத்தும் புள்ளி 'டி' கோட்டுக்குச் சற்று வெளியே. ஃப்ளிக்கர் அங்கிருந்து பந்தை இழுத்துக்கொண்டே கோட்டுக்குள் வந்து விடுவார். நிறுத்தும் இடம் ஒரு பந்தின் அகலம் தள்ளிப்போனாலும் ஃப்ளிக்கரின் கால்வைப்பு முழுவதும் தவறும். அதனால்தான் இந்த மூவரும் ஒன்றாகப் பயிற்சி செய்ய வேண்டும். நல்ல ஃப்ளிக்கரைத் தனியாக நூறு பந்து அடிக்கவிட்டால் அவன் தன் திறமையை வளர்த்துக்கொள்வான். அணியின் கார்னர் வளராது.

டிராக் ஃப்ளிக்கைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். பந்து வலதுகாலுக்குப் பின்னால் மட்டையின் தண்டில் ஏறுகிறது. ஒரு காலை மற்றொரு காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, நீண்ட எட்டாக இடதுகால் கோலை நோக்கி இறங்குகிறது. இடுப்பு முதலில் திரும்பும், தோள் பிறகு, மணிக்கட்டு கடைசியில். நல்ல ஃப்ளிக் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். இளைஞர்களிடம் காணும் பெரிய குறை இரண்டு. ஒன்று, இடதுகால் பந்துக்கு மிக அருகில் இறங்குவது. இழுக்கும் தூரம் குறைந்து வேகம் போய்விடும். மற்றொன்று, பந்தை விடும் முன்பே நிமிர்ந்துவிடுவது. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறக்கும். மட்டையின் வளைவு அதிகபட்சம் 25 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். ஃப்ளிக்கர்கள் அந்த வளைவு மட்டையின் தலைக்கு அருகில் வரும் மாதிரியை விரும்புவார்கள். பந்து தண்டில் உட்கார்ந்து வரும். அதற்காக 14 வயதுப் பையன் கையில் அந்த மட்டையைக் கொடுத்தால் மட்டையை வீசி அடிக்கும் அவனுடைய சாதாரண ஹிட்டும் மேலே எழும்பும். முதலில் சாதாரண மட்டை போதும்.

ஃப்ளிக்குக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. ஹிட்டுக்கு உண்டு: கார்னரின் முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கோலின் அடிப்பலகையின் உயரம் அதுதான். பலகையில் பந்து மோதும் அந்த 'டங்' சத்தம் கேட்டாலே பழைய ஹாக்கி ரசிகர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அங்கித் பாலும் மன்மீத்தும் செய்த வேலைக்கு வருவோம். ஃப்ளிக்கர் மேல் மூலைக்கு விடாமல், வேண்டுமென்றே கோலுக்குச் சற்று வெளியே தரையோடு விடுவார். கம்பத்தருகே ஓடி வந்தவர் மட்டையை ஒரு கோணத்தில் நிறுத்தி வைத்திருப்பார். அடிக்கவே கூடாது. மட்டையை வீசினால் பந்து தவறும். வரும் வேகமே போதும், கோணம் மட்டும் கொடுத்தால் போதும். கோல்கீப்பர் ஃப்ளிக்கின் திசைக்குச் சாய்ந்துவிட்ட பிறகு பந்து திசை மாறுவதால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வித்தை எப்போது பலிக்கும் தெரியுமா? அதற்கு முன் அதே ஃப்ளிக்கர் நேரான கோல்களைப் போட்டுப் பயம் ஏற்படுத்தியிருக்கும்போது. அந்தப் பயம் இல்லாவிட்டால் கோல்கீப்பர் சாயவே மாட்டார். 12 கார்னரும் வீணாகும் நாளில், எதிரணிக்கு அடுத்து என்ன வரும் என்பது முதல் மூன்றிலேயே தெரிந்துவிடுகிறது.

தற்காப்புப் பக்கமும் இதே அளவு நுணுக்கம். முதல் ரஷ்ஷர் ஃப்ளிக்கரின் உடம்பை நோக்கி ஓடக் கூடாது, பந்து விடுபடும் புள்ளியை நோக்கி ஓட வேண்டும். மட்டை தாழ்ந்து பக்கவாட்டில் நீண்டிருக்க, உடம்பு பந்தின் பாதைக்குச் சற்று விலகியிருக்க வேண்டும். இங்கே ஒரு விதி பலருக்குத் தெரியாது. முதல் ஷாட் அடிக்கும்போது 5 மீட்டருக்குள் இருக்கும் தற்காப்பாளரின் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மறுபடி கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ, அவர் இயல்பாக நின்ற நிலையில் பட்டால், ஷாட் ஆபத்தானது என்று தற்காப்பு அணிக்கு ஃப்ரீ ஹிட். அதனால் ரஷ்ஷர் குனிந்து சறுக்கிப் போனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முகக்கவசம், முழங்கால் திண்டு, கையுறை இல்லாமல் எந்தப் பையனையும் ரஷ் ஓட விடக் கூடாது. பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். அந்த வேகத்தில் பற்களுக்கும் எலும்புக்கும் அது போதும். பயிற்சியில் கவசம் போட நேரமில்லை என்று சொல்லும் பயிற்சியாளர்களை மன்னிக்கவே முடியாது.

பந்து தள்ளப்படும் முன் தற்காப்பாளர் கோட்டைத் தாண்டினால் அவர் நடுக்கோட்டுக்குப் போக வேண்டும், அவருக்குப் பதில் ஆள் கிடையாது. கோல்கீப்பரே முந்தினாலும் அணி ஓர் ஆளை இழக்கும். நான்கு பேரால் கார்னரைத் தடுப்பது மிகக் கடினம். இளைஞர் போட்டிகளில் இந்த அவசரம் கடைசிக் கால்பகுதியில்தான் அதிகம். 2-1 என்று முன்னிலையில் இருக்கும் அணி, ஒரு நிமிடம் பாக்கி, கார்னர் எதிரிக்கு. கால் தானாக முந்துகிறது. ஆட்ட நேரம் முடிந்து மணி அடித்தாலும், கொடுத்த கார்னர் முடியும்வரை ஆட்டம் நீளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டதும் தளர்ந்துவிடும் பையன்கள் உண்டு.

இப்போது ஷூட் அவுட்டின் எட்டு விநாடி. வெளியேற்றுச் சுற்று ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் கிடையாது, நேராக ஷூட் அவுட். 2025-ல் இந்தியா பெல்ஜியத்தைத் தாண்டியது இதில். ஜெர்மனி காலிறுதியில் பிரான்ஸைத் தாண்டியதும் இதில். இறுதியில் ஸ்பெயினோடு 1-1 என்று நின்று 3-2 என்று கோப்பையை எடுத்ததும் இதில்தான். கோல்கீப்பர் ஜாஸ்பர் டிட்ஸர் அந்த நாளின் நாயகன். ஆக, கோப்பை வென்ற அணி தன் மூன்று வெளியேற்றுச் சுற்று ஆட்டங்களில் இரண்டை எட்டு விநாடிகளில் வென்றிருக்கிறது. இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளுபவர்கள், ஒரே அணி இரண்டு முறையும் ஜெயித்ததை யோசிக்க வேண்டும்.

முறை இது. ஒவ்வொரு அணிக்கும் ஐந்து முயற்சிகள். பந்து கோலிலிருந்து 22.90 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டில். கோல்கீப்பர் கோல் கோட்டில். நடுவர் ஊதியதும் இருவரும் புறப்படலாம். எட்டு விநாடிக்குள் பந்து கோல் கோட்டைக் கடக்க வேண்டும். கோல்கீப்பர் மேல் பட்டுத் திரும்பிய பந்தையும் நேரம் இருக்கும்வரை மறுபடி ஆடலாம். கோல்கீப்பர் தெரியாமல் ஃபவுல் செய்தால் முயற்சி மறுபடி. வேண்டுமென்றே செய்தால் பெனால்டி ஸ்ட்ரோக்.

எட்டு விநாடி என்பது பார்ப்பவருக்குச் சின்னதாகத் தெரியும், ஆடுபவருக்குப் பெரியது. 'டி'யின் விளிம்பை இரண்டு, மூன்று விநாடியில் தொட்டுவிடலாம். மிச்சம் ஐந்து விநாடி இருக்கிறது. தவறு செய்யும் பையன் அந்த ஐந்தை முதல் விநாடியிலேயே செலவழித்துவிடுகிறான்: கோல்கீப்பர் முன்னே வந்ததும் பயந்து பக்கவாட்டில் வெகுதூரம் இழுத்துப் போகிறான், கோலின் கோணம் சுருங்குகிறது, மட்டையைத் திருப்பி ரிவர்ஸில் அடிக்கும் பந்து பக்கவலையில் விழுகிறது. சரியான வழி, கோல்கீப்பரை நேராக நோக்கிப் போய், அவருடைய மட்டை எட்டும் தூரத்துக்குச் சற்று முன் நின்றுவிடுவது. வேகம் அல்ல, நிற்பதுதான் அவரைக் குழப்பும். அவர் கால் எந்தப் பக்கம் எடை வைக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரே இழுப்பு, உடனே தள்ளு. இரண்டு போக்கு காட்டினால் போதும், மூன்றாவதுக்கு நேரம் இருக்காது.

கோல்கீப்பருக்கு விதி இன்னும் எளிது, செய்வது கடினம்: படுக்காதே. ஊதியதும் வேகமாக 'டி'யின் நடுவரை வந்து கோணத்தை அடைத்துவிட்டு, பிறகு பின்வாங்கியபடி காலில் நிற்க வேண்டும். நான்கு விநாடி தாண்டிவிட்டால் நேரம் அவர் பக்கம். முதலில் விழுபவர் தோற்பார். 2025-ல் நம் அணியின் பயிற்சியாளராக இருந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ் தானே கோல்கீப்பர், 2024 பாரிஸ் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றவர். கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் பெல்ஜியத்துக்கு எதிராக அவசரப்படாமல் காலில் நின்றதில் அந்தப் பாடம் தெரிந்தது.

ஷூட் அவுட்டைப் பழக இடமும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். மலேசியாவின் ஜோகூர் பாருவில் 2011 முதல் நடக்கும் சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பை அதற்கு நல்ல களம். அதுவும் 21 வயதுக்குட்பட்டோருக்கானது. இந்தியா அதை 2013, 2014, 2022 ஆண்டுகளில் வென்றது. 2022 இறுதி ஆஸ்திரேலியாவோடு 1-1, ஷூட் அவுட்டில் 5-4. அந்தக் கோப்பையின் மதிப்பு கோப்பையில் இல்லை. பையன்கள் நிஜமான எட்டு விநாடிகளை முன்கூட்டியே ஒருமுறை வாழ்ந்துவிடுவதில் இருக்கிறது.

தரையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சென்னை அரங்கில் 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்காக விரித்த டர்ஃப் (செயற்கைப் புல்தரை), பாரிஸ் ஒலிம்பிக்கில் விரித்த ரகம், குறைந்த தண்ணீரில் ஆடக்கூடியது. மதுரையில் இந்த உலகக் கோப்பைக்காகப் புது அரங்கம் எழும்பியது. டர்ஃபுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அழகுக்காக இல்லை. ஈரம் இருந்தால் பந்து துள்ளாமல் ஒரே வேகத்தில் உருளும், விழுந்தால் தோல் உரியாது. வெயிலில் ஒரு பகுதி மட்டும் காய்ந்துவிட்டால் அங்கே பந்து தடுக்கித் துள்ளும். 'டி'யின் உச்சி காய்ந்திருந்தால் ஸ்டாப்பரின் கதி அதோகதி. மாறாக, பருவமழையில் தண்ணீர் தேங்கினால் புஷ் பாதியில் செத்துப்போகும். நல்ல அணி ஆட்டத்துக்கு முன் சுற்றி ஓடும்போதே இரண்டு 'டி'யின் உச்சியிலும் பந்தை உருட்டிப் பார்த்துவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் செம்மண்ணில் ஆட ஆரம்பிக்கிறார்கள். பந்து எப்படித் துள்ளும் என்று தெரியாததால் அவர்கள் பந்தை மட்டையோடு ஒட்டியே வைத்துக்கொள்வார்கள். அது சொத்து. ஆனால் நிமிர்ந்து ஆடும் பழக்கமும் கூடவே வந்துவிடும். டர்ஃபுக்கு வந்ததும் முதுகு தாழ வேண்டும், மட்டை தரையோடு நீள வேண்டும், பாஸ் தட்டையாகப் போக வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலம் முழுக்கச் சின்ன அரங்குக்குள் ஆடுகிறார்கள். உள்ளரங்க ஹாக்கியில் ஹிட் அடிக்கக் கூடாது, தள்ளுவது மட்டுமே. இடுப்பைத் தாழ்த்தித் தள்ளும் கலை அங்கே எலும்போடு ஊறிப்போகிறது. அவர்களுடைய எட்டுக் கோப்பைக்கும் அந்தச் சின்ன அரங்குக்கும் தொடர்பு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டில் ஹாக்கி புதிதல்ல. 1980 மாஸ்கோ தங்க அணிக்கு கேப்டன் சென்னையின் வி. பாஸ்கரன். 2007 ஆசியக் கோப்பை இறுதியில் தென்கொரியாவை 7-2 என்று இந்தியா அடித்தது இதே எழும்பூர் அரங்கில். 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்றதும் இங்கேதான். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு அபூர்வம். இப்போது மதுரையிலும் உலகத்தர டர்ஃப் இருக்கிறது. அது கல்யாண மண்டபம்போல் விசேஷ நாளில் மட்டும் திறக்கப்படக் கூடாது.

ஒரு பள்ளியோ கிளப்போ அந்த டர்ஃபில் வாரம் ஒரு மணி நேரம் வாங்க முடிந்தால், அதை இப்படிச் செலவழிக்கலாம். முதல் 20 நிமிடம் புஷ்ஷரும் ஸ்டாப்பரும் மட்டும். 'டி'யின் உச்சியில் கோட்டுக்கு வெளியே ஒரு அடி சதுரம் சாக்பீஸால் வரைந்து, 30 பந்தில் எத்தனை அதற்குள் அசையாமல் நின்றன என்று எழுதி வையுங்கள். 24-க்குக் குறைந்தால் அன்று ஃப்ளிக்கருக்கு வேலை இல்லை. அடுத்த 20 நிமிடம் ஃப்ளிக்கர் சேரட்டும், 15 பந்துக்கு மேல் வேண்டாம். 20 வயதுக்குக் கீழ் உள்ள முதுகு அதற்கு மேல் தாங்காது, களைத்த பிறகு அடிக்கும் ஃப்ளிக் தவறான கால்வைப்பைத்தான் பழக்கும். மிச்சம் 20 நிமிடத்தில் எட்டு விநாடி ஷூட் அவுட், ஒவ்வொருவருக்கும் இரண்டு முயற்சி மட்டும், மற்றவர்கள் எல்லாம் 'டி'யைச் சுற்றி நின்று சத்தம் போட வேண்டும். விநாடியை யாராவது உரக்க எண்ண வேண்டும். ஐந்து என்று சொல்லும்போது கோல்கீப்பர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.